வேலியும் பொருளும்: கருத்துநிலைத் தோட்டங்களின் திறந்த தன்மை குறித்து

நிலத்தோற்ற வடிவமைப்பு பயிலும் மாணவர்கள் முன்வைக்கும், செடிகளைவிட ஒரு கருத்தை முதன்மையாக்கும் கருத்துநிலைத் தோட்டங்களின் விளக்கக் குறிப்பில் ஒரு வாசகம் அடிக்கடி தலைகாட்டும்: பார்ப்பவர் தமக்குத் தோன்றிய பொருளைக் கொள்ளலாம். இப்படி அனுமதி வழங்க வேண்டிய தேவையே இல்லை. யாரும் கேட்டுக்கொண்டு பொருள் கொள்வதில்லை. பல பொருளுக்கு இடம்தரும் தோட்டம் எப்படி உருவாகிறது என்பதே கேள்வி. எதையும் முடிவு செய்யாமல் விடுவதாலன்று, சிலவற்றைக் கறாராக முடிவு செய்வதால்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கியோட்டோவின் ரியோவான்ஜி கோயில் தோட்டத்தில் வெண்சரளை பரப்பிய நீள்சதுரம் ஒன்று. ஐந்து தொகுதிகளாக 15 கற்கள். அவற்றின் அடியில் பாசி. அவ்வளவுதான். கடலில் தீவுகள் என்பர் சிலர். மேகத்துக்கு மேலே மலைமுகடுகள் என்பர் சிலர். குட்டிகளோடு ஆறு கடக்கும் புலி என்போரும் உண்டு. அமைத்தவர் யார் என்பதே உறுதிப்படாததால், அவரது நோக்கத்தைக் காட்டி இந்த வழக்கைத் தீர்க்கவும் வழியில்லை. ஆனால் பார்வையாளருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டைக் கவனிக்க வேண்டும். உள்ளே கால் வைக்கக் கூடாது. மரத்திண்ணையில் இருந்துதான் பார்க்க வேண்டும். எதிரே தாழ்ந்த மண்சுவர் பார்வையைத் தடுத்து நிறுத்துகிறது. திண்ணையில் எங்கு உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துபோகிறது. கற்களுக்கு இடையிலான வெற்றிடமும் தற்செயலானதன்று. அந்த வெளியின் சமச்சீர் அச்சுகளை வரைந்தால் கிளைவிட்ட மரம்போன்ற வடிவம் கிடைப்பதையும், அதன் அடிமரம் மரபாகப் பார்க்கும் இடத்தை நோக்கி வருவதையும் 2002இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. தோட்டத்தின் பொருள் அந்த மரம்தான் என்று சொல்லிவிட முடியாது; அதுவும் இன்னொரு வாசிப்பே. வெறுமையும் வடிவமைக்கப்படுவது என்பதற்கு மட்டும் அது போதிய சான்று.

நிலத்தோற்ற அறிஞர் மார்க் டிரெப் 1995இல் எழுதிய கட்டுரையில், பொருளை வடிவமைப்பாளர் நிலத்தில் பதித்துவைக்க முடியாது, புழக்கத்தாலும் காலத்தாலும் அது சேர்கிறது என்று வாதிட்டார். இதில் பாதியை ஏற்கலாம். காலத்தால்தான் பொருள் சேரும் என்ற மறுபாதிக்கு, நிலத்தோற்ற வடிவமைப்பாளர் மார்த்தா ஷ்வார்ட்ஸ் 1979இல் பாஸ்டனில் தம் வீட்டு முன்முற்றத்தில் அமைத்த பேகல் தோட்டம் இடையூறாக நிற்கிறது. ஒன்றினுள் ஒன்றாக இரு சதுரப் பசுவேலிகள். அவற்றுக்கு இடையே மீன்தொட்டிக்குப் போடும் ஊதாச் சரளை. அதன்மேல் அரக்கு மெருகு பூசிய, வளைய வடிவப் பேகல் ரொட்டிகள் வரிசை வரிசையாக. அடுத்த ஆண்டு நிலத்தோற்ற வடிவமைப்புத் துறை இதழொன்றின் அட்டையில் அது வந்ததும் சர்ச்சை கிளம்பியது; பொருள் சேரக் காலம் காத்திருக்கவில்லை. கேலியா, பிரெஞ்சு முறைத் தோட்டத்துக்கு வணக்கமா என்ற ஐயம் எழக் காரணம் அந்த வரிசையின் ஒழுங்கே. அதே ரொட்டிகளைக் கண்டபடி இறைத்திருந்தால் குப்பை என்று கடந்துபோயிருப்பார்கள்.

பார்வையாளர் விருப்பம்போல் நடமாடும் பெரிய பூங்காக்களுக்கு இந்த வாதம் பொருந்துமா? பாரிசின் லா வில்லெத் பூங்காவில் கட்டடக் கலைஞர் பெர்னார் சுமி, பயன் இன்னதென்று விதிக்காத சிவப்புக் கட்டுமானங்களை 120 மீட்டர் இடைவெளியில் நிறுத்தினார். அங்கே பார்வையாளர் நிற்குமிடம் திறந்தது; கட்டுமானங்களின் இடைவெளியோ முடிவுசெய்து மூடப்பட்டது. ஆகவே வாதம் திருத்தம் கேட்கிறது: மூட வேண்டியது எப்போதும் பார்வைக்கோணம் அன்று, ஏதேனும் ஓர் ஒழுங்கு. பிற்காலத்தில் அக்கட்டுமானங்களில் சில உணவகம் போன்ற அன்றாடப் பயன்களைப் பெற்றன. அவற்றின் முன் நிற்பவருக்குப் பொருள் பற்றிய ஐயம் பெரும்பாலும் எழாது. வரிசையில் இடம் கிடைக்குமா என்பதே கவலை.