சுற்றுப்பலகையில் இணைப்பறிதல்: ஒளிமேசை முதல் மென்பொருள் வரை

ஆய்வுச் சுருக்கம்

அச்சிட்ட மின்சுற்றுப் பலகைகளின் இணைப்புகளைச் சரிபார்க்கும் பணி, மனிதக் கண்ணிலிருந்து படிப்படியாக மென்பொருளுக்கு மாறியது. ஆலைக்குச் செல்லும் வரைவுக் கோப்பு செம்பின் வடிவத்தை மட்டுமே சுமந்தது. எது எதனுடன் இணைய வேண்டும் என்னும் அறிவு அதிலிருந்து பிரிந்து நின்றது. பிரிந்த இவ்விரண்டையும் ஒப்பிடுவதே சரிபார்ப்பு மென்பொருளின் அடிப்படை என்பதையும், தமிழகத்தின் மின்னணுத் தொழிலில் இதற்குள்ள இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சுற்றுப்பலகை, இணைப்புப் பட்டியல், கெர்பர் கோப்பு, திறந்த சுற்று, குறுக்குச் சுற்று.

முன்னுரை

திருநெல்வேலியை அடுத்த சீவலப்பேரியில் சிற்றாறும் கயத்தாறும் தாமிரபரணியுடன் கலக்கின்றன. முக்கூடற்பள்ளு குறிக்கும் முக்கூடல் இவ்விடமே. குமரி மாவட்டத்து மாத்தூரிலோ, தொட்டிப்பாலத்தில் செல்லும் கால்வாய் நீர் கீழே ஓடும் பறளியாற்றுடன் கலவாமல் அதனைக் கடக்கிறது. தட்டையான நிலப்படத்தில் இரண்டும் கோடுகளின் சந்திப்பாகவே தோன்றும். அது கலப்பா, கடப்பா என்பதை மட்டம் அறிந்தவரே கூற இயலும். பல அடுக்குகள் கொண்ட சுற்றுப்பலகையிலும் இச்சிக்கலே எழுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரு செம்புத் தடங்கள், அவற்றை இணைக்கும் உலோகப் பூச்சுத் துளை இருந்தால் மட்டுமே ஒரே மின்னிணைப்பாகும்.

கண்ணால் சரிபார்த்த காலம்

ஆஸ்திரியரான பால் ஐஸ்லர், இலண்டனில் 1936 அளவில் அச்சிட்ட சுற்றுகளை உருவாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். இரண்டாம் உலகப் போரில் குண்டுகளின் அணுகு வெடிப்பிகளில் இத்தொழில்நுட்பம் பயன்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் வரைவாளர்கள் ஒளிபுகும் படலத்தின்மேல் கருப்பு நாடாவை ஒட்டி, இரு மடங்கு அல்லது நான்கு மடங்கு அளவில் தடங்களை அமைத்தனர். அது ஒளிப்பட முறையில் சுருக்கப்பட்டுப் பலகைக்கு மாற்றப்பட்டது. சரிபார்ப்பவர், படலத்தை ஒளிமேசையில் விரித்து, சுற்று வரைபடத்தை அருகில் வைத்து, பார்த்து முடித்த ஒவ்வொரு தடத்தையும் வண்ணப் பென்சிலால் குறித்துச் சென்றார். இணைப்பு பற்றிய அறிவு அவர் கையிலிருந்த வரைபடத்தில் இருந்தது, படலத்தில் இல்லை.

வடிவமும் பொருளும் பிரிதல்

ஜோசப் கெர்பர் நிறுவிய நிறுவனத்தின் ஒளிவரைவி 1960களில் கைநாடாவின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. எந்த இடத்தில் எவ்வடிவிலான ஒளியைப் பாய்ச்ச வேண்டும் என்று அந்த இயந்திரத்திற்கு இடப்பட்ட கட்டளைகளே கெர்பர் கோப்பு ஆயின. அதன் வரையறை 1980இல் வெளியிடப்பட்டது, 1998இல் விரிவாக்கப்பட்டது. உலகின் பெரும்பாலான ஆலைகள் இவ்வடிவையே ஏற்றன. ஆயினும் ஒரு தடம் மின்வழங்கியைச் சார்ந்ததா, நிலக்கம்பியைச் சார்ந்ததா என்பதை அக்கோப்பு கூறவில்லை. எனவே இணைப்புப் பட்டியலைத் தனியே அனுப்பும் தேவை எழுந்தது. வெற்றுப் பலகைச் சோதனைக்கான ஐ.பி.சி.-டி-356 என்னும் வடிவு அதற்குப் பயன்பட்டது. 2014இல் வந்த எக்ஸ்2 பதிப்பிலேயே அடுக்கின் பயன் முதலிய பொருட்குறிப்புகளைக் கெர்பர் கோப்பில் சேர்க்க வழி பிறந்தது.

மென்பொருளின் தருக்கம்

வடிவங்களிலிருந்து இணைப்பை மீட்பதற்கான கணித அடிப்படை 1960களில் உருவானது. தொடர்புடைய உறுப்புகளை ஒரே குழுவாகச் சேர்க்கும் முறையைக் காலர், ஃபிஷர் இருவரும் 1964இல் வெளியிட்டனர். படத்தில் ஒன்றையொன்று தொடும் பகுதிகளுக்கு ஒரே அடையாளம் இடும் முறையை ரோசன்ஃபெல்ட், ஃபால்ட்ஸ் இருவரும் 1966இல் விளக்கினர். சரிபார்ப்பு மென்பொருளும் இவ்வழியிலேயே இயங்குகிறது. ஒரே அடுக்கில் தொடுவனவும், துளையால் இணைவனவும் ஒரு குழுவாகின்றன. பின்னர் அக்குழுக்கள் இணைப்புப் பட்டியலுடன் ஒப்பிடப்படுகின்றன. பட்டியலின் ஓர் இணைப்பு இரு குழுக்களாகச் சிதறியிருந்தால் அது திறந்த சுற்று. இரு இணைப்புகள் ஒரே குழுவில் அகப்பட்டால் அது குறுக்குச் சுற்று.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. வடிவமைப்பாளரின் பட்டியல் கிடைக்காதபோது, ஆலை கெர்பர் கோப்பிலிருந்தே ஒரு பட்டியலைப் பிரித்தெடுத்து, அதனைக் கொண்டு பலகையைச் சோதிக்க இயலும். அச்சோதனை, பலகை கோப்பின் உண்மையான நகல் என்பதை மட்டுமே உறுதிசெய்யும். கோப்பிலேயே பிழை இருந்தால், பிழையுள்ள பலகையும் தேர்ச்சி பெறும். அளவுகோல் வேறு மூலத்திலிருந்து வராதவரை சரிபார்ப்பு முழுமையாவதில்லை.

எட்டாத கால்கள்

உறுப்புகள் பொருத்தப்பட்ட பலகையை முள்படுக்கை போன்ற ஊசித்தொகுதியால் தொட்டுச் சோதிப்பது வழக்கம். சில்லுகளின் கால்கள் நெருங்கியும் உடலுக்கு அடியில் மறைந்தும் அமைந்தபோது ஊசிகள் எட்டவில்லை. இதற்குத் தீர்வுகாண 1985இல் அமைந்த ஜேடாக் குழுவின் பணி, 1990இல் ஐ.இ.இ.இ. 1149.1 என்னும் தரமாக நிறைவுற்றது. சில்லின் ஒவ்வொரு காலருகிலும் அமைந்த சிறு நினைவகக் கூறுகள் வழியே மென்பொருள் ஒரு சில்லிலிருந்து குறிப்பை அனுப்பி, மற்றொன்றில் பெற்று, இடையிலுள்ள இணைப்பை அறிகிறது. இங்கும் எதிர்பார்க்கும் விடையை இணைப்புப் பட்டியலே தருகிறது.

தமிழகச் சூழல்

திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1இல் அது நின்றது. வடிவமைப்பு வேறிடத்திலும் உறுப்பிணைப்பு இங்குமாக அமையும் தொழில்முறையில், ஆலை கைவிடப்படும்போது கட்டடமும் கைத்திறனும் எஞ்சுகின்றன. வடிவமைப்பின் அறிவு எஞ்சுவதில்லை. சுற்றுப்பலகை உள்ளிட்ட உதிரிகளை உள்நாட்டில் உருவாக்கும் திட்டத்திற்கு 2025 மார்ச்சில் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஏற்கப்பட்ட முதல் ஏழு திட்டங்களில் ஐந்து தமிழகத்திற்குரியவை. பலகை இங்கு உருவாகும்போது இணைப்பறியும் திறனும் இங்கு வேரூன்ற வேண்டியுள்ளது.

அதற்கான கருவிகள் கட்டற்ற மென்பொருளாகவே கிடைக்கின்றன. பிரான்சின் ழான்-பியேர் ஷரா 1992இல் தொடங்கிய கீகேட், சுற்று வரைபடத்தையும் பலகையையும் ஒப்பிட்டு விடுபட்ட இணைப்புகளைக் காட்டுகிறது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் அதன் வளர்ச்சிக்குத் துணைநின்றது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாசீ திட்டம் கீகேட்டையும் என்ஜிஸ்பைஸையும் ஒருங்கிணைத்து இசிம் என்னும் மென்பொருளை உருவாக்கியது.

முடிவுரை

ஒளிமேசையிலிருந்து ஜேடாக் வரை கருவிகள் மாறினாலும், வடிவத்தை நோக்கத்துடன் ஒப்பிடுதல் என்னும் அடிப்படை மாறவில்லை. நோக்கத்தைத் தாங்குவது இணைப்புப் பட்டியல். அது தன்னிடம் உள்ளவர் பலகையைச் சரிபார்க்கவும், பழுது நீக்கவும், மேம்படுத்தவும் வல்லவர். அது இல்லாதவர் நகலெடுக்க மட்டுமே வல்லவர். 1981இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்களில், கெர்பர் கோப்பிலிருந்து இணைப்பை மீட்டு மூல வரைபடத்துடன் ஒப்பிடும் பயிற்சியைப் பாடத்தில் சேர்க்க உரிமக் கட்டணம் தடையன்று. இணைப்புப் பட்டியல், திறந்த சுற்று, குறுக்குச் சுற்று முதலிய கலைச்சொற்களை வரையறுத்து நிலைப்படுத்துதல் தமிழாய்வாளரின் பங்காகும்.