தங்கவயலின் வேலையும் கூலியும்

கர்நாடகத்தின் தென்கிழக்கு மூலையில், ஆந்திர, தமிழக எல்லைகளுக்கு அருகே, பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வறண்ட மேட்டுநிலம் கோலார் தங்கவயல். மழையை நம்பிய கேழ்வரகும் ஏரிப்பாசனத்தில் விளைந்த சிறிது நெல்லுமே அப்பகுதியின் பழைய பொருளாதாரம். பொன் கலந்த மண்ணை அரித்துப் பிழைத்த சில குடும்பங்களும் அங்கு இருந்தன. 1802இல் நில அளவைப் பணிக்காக வந்த ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, உரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்களின் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். ஆழத்திலிருந்து பொன் எடுக்கும் முயற்சி, அயர்லாந்தைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் மைக்கேல் லாவெல் 1875இல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்ற பிறகே தொடங்கியது. அவருக்குப் போதிய முதல் இல்லாததால் அவ்வுரிமம் கைமாறி, 1880இல் லண்டனில் பதிவான மைசூர் தங்கச் சுரங்க நிறுவனத்திடமும், அதை நிருவகித்த ஜான் டெய்லர் குழுமத்திடமும் சென்று சேர்ந்தது.

முதல் சில ஆண்டுகள் நட்டத்திலேயே கழிந்தன. போட்ட முதல் கரைந்து, நிறுவனத்தை மூடிவிடலாமா என்று பங்குதாரர்கள் எண்ணிய நிலையில், 1880களின் நடுவில் சாம்பியன் ரீஃப் எனப்படும் பொன்தாங்கிய வெண்கல் படிவம் வெட்டுக்கு அகப்பட்டது. அதன்பின் ஊர் வளர்ந்த வேகத்தை மக்கள்தொகைக் கணக்கே காட்டுகிறது: 1891இல் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த இடத்தில் 1901இல் 38,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1894இல் பவுரிங்பேட்டை என்று அப்போது அழைக்கப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாகச் சுரங்கங்களை அடைந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரியும் முன்பே தங்கவயலின் பொறிகள் மின்சாரத்தில் ஓடின. குடிநீருக்காகப் பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய்கள் பதிக்கப்பட்டன. இவ்வளவு செலவும் சுரங்கத்தை முன்னிறுத்தியே செய்யப்பட்டது. சுற்றியிருந்த உழவர்களின் கிணறும் ஏரியும் இருந்தபடியே இருந்தன.

இந்த உழவர்கள் நிலத்தடி வேலைக்குப் பெரும்பாலும் போகவில்லை என்பது தங்கவயலின் வேலைவரலாற்றில் அடிப்படையான செய்தி. கொஞ்சமேனும் நிலம் வைத்திருந்தவருக்கு இருட்டிலும் வெப்பத்திலும் உயிரைப் பணயம் வைத்து உழைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அக்கட்டாயம் இருந்தவர்கள் வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் சித்தூரிலும் இருந்தனர். 1876–78 பெரும்பஞ்சத்தில் நொறுங்கிப்போன, நிலமற்ற, தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களே அவர்களில் மிகுதி. மேஸ்திரிகள் எனப்பட்ட ஆள்பிடி ஒப்பந்தக்காரர்கள் முன்பணம் கொடுத்து அவர்களை அழைத்துவந்தனர்; முன்பணம் கடனாக நின்றது, கூலியும் மேஸ்திரியின் கைவழியாகவே போனது. 1900களின் தொடக்கத்தில் சுரங்கங்களில் 25,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். மேற்பார்வை கார்ன்வாலிலிருந்து வந்த ஆங்கிலேயரிடமும் இத்தாலியரிடமும் ஆங்கிலோ இந்தியரிடமும், காவல் பஞ்சாபியரிடமும், பாறை துளைத்தல், மண் அள்ளுதல், வண்டி தள்ளுதல் ஆகியவை தமிழரிடமும் தெலுங்கரிடமும் இருந்தன. வேலையும் கூலியும் குடியிருப்பும் இனவழியாகவும் சாதிவழியாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. மேட்டில் தோட்டங்கள் சூழ்ந்த பங்களாக்களும், தாழ்வில் ‘லைன்’ என்று மக்கள் இன்றும் சொல்லும் தட்டிக் குடிசை வரிசைகளும் ஒரே நிறுவனத்தின் நிலத்தில் நின்றன.

ஆயினும் சொந்த ஊரில் கிடைக்காத ஒன்று அத்தொழிலாளருக்கு இங்கே கிடைத்தது. ஆண்டையின் வீட்டு வாசலில் தானியமாக அளக்கப்பட்ட கூலிக்கு மாறாக, மாதந்தோறும் காசு வந்தது. அக்காசு வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் நிலமாகவும் வீடாகவும் மாறியதோடு, தங்கவயலிலேயே பள்ளியாகவும் சங்கமாகவும் அச்சகமாகவும் உருவெடுத்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வலுவாக வேர்விட்டதும், அவர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப்பின் 1920களில் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் வெளியிடப்பட்டதும் இந்தக் கூலியின் பலத்தால் நடந்தவை. சுரங்கத்தின் வரலாற்றை எடுத்த பொன்னின் எடையாலேயே அளப்பவர்கள் இதைக் காணத் தவறுகின்றனர்.

பொன் உற்பத்தி 1905ஐ ஒட்டி உச்சத்தை எட்டியது. எடுத்த பொன்னின் மதிப்பில் ராயல்டி எனப்படும் உரிமைத்தொகையை மைசூர் அரசு பெற்றது; பங்காதாயம் லண்டனுக்குப் போனது. தொழிலாளிக்கு எஞ்சியது கூலியும் நோயும். வெண்கல்லைத் துளைக்கும்போது பறக்கும் நுண்துகள் நுரையீரலில் படிந்து இறுகுவதால் வரும் சிலிகோசிஸ் என்ற நோய், 1940 முதல் 1946 வரை தங்கவயலில் ஆராயப்பட்ட 7,653 தொழிலாளருள் நூற்றுக்கு 43.7 பேரிடம் காணப்பட்டது. ஆழம் கூடக்கூடப் பாறையின் அழுத்தம் திடீரென விடுபட்டுச் சுவர்களைச் சிதறடிக்கும் பாறைவெடிப்புகளும் பெருகின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது.

கூலியாட்களைக் கட்டுப்படுத்த நிறுவனம் கொண்டுவந்த கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து 1930இல் சுரங்கங்கள் முழுவதிலும் வேலைநிறுத்தம் நடந்தது. பொன் திருடுவோராகவே அனைவரையும் கருதும் சட்டங்களுக்கு ஏற்கெனவே உட்பட்டிருந்த மக்களுக்குக் கைரேகை என்பது குற்றவாளியின் அடையாளமாகவே பட்டது. பதிவு செய்யப்பட்ட சங்கம் எதுவும் அப்போது அவர்களுக்கு இல்லாதிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நின்றது, லைன் வாழ்க்கை உருவாக்கிய உறவின் வலிமையைக் காட்டுகிறது. 1940களில் சங்கங்கள் உருவாயின; போராட்டம் தொடர்ந்த நிலையில் 1946 நவம்பர் 4இல் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். கூலியும் பஞ்சப்படியும் வேலைப் பாதுகாப்பும் அதற்குப் பிந்திய பத்தாண்டுகளில் மேம்பட்டதற்கு இப்போராட்டங்களே காரணம். நிறுவனத்தின் மனமாற்றம் காரணமன்று.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. 1962இல் அவை மத்திய அரசுக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. அரசின் கைக்கு வந்தபோது எளிதில் எட்டக்கூடிய பொன் பெரும்பாலும் தீர்ந்திருந்தது. தொடக்கக் காலத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கும் மேல் கிடைத்த பொன், கடைசிக் காலத்தில் ஏறத்தாழ 3 கிராமாகக் குறைந்தது. ஆனால் நட்டம் முழுவதையும் பாறையின் கணக்கில் எழுதுவது சரியன்று. எடுத்த பொன்னைச் சந்தையில் விற்க நிறுவனத்துக்கு நீண்டகாலம் உரிமை இல்லை. அவுன்சுக்கு 35 டாலர் என்று பன்னாட்டு நாணய நிதியம் வைத்திருந்த விலையில் அதை மத்திய அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. உள்நாட்டுச் சந்தையில் பொன் அதைவிட மிக அதிக விலைக்கு விற்றது. நாட்டின் அந்நியச் செலாவணி இருப்புக்கு இம்முறை உதவியிருக்கலாம். கணக்கேட்டிலோ தங்கவயல் ஆண்டுதோறும் மானியம் கேட்கும் நிறுவனமாகத் தோன்றியது. விலையை நிர்ணயித்த முடிவின் விளைவு தொழிலாளியின் திறமைக்குறைவாகப் பதிவானது பெரும் அநீதி.

மாற்றுத் தொழில்களைக் கொண்டுவரும் முயற்சி இல்லாமற் போகவில்லை. 1964இல் உருவான பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தன் தொழிற்சாலையைத் தங்கவயலில் அமைத்து மண் அள்ளும் இயந்திரங்களைச் செய்தது, ஐ.டி.ஐ. படித்த சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் அங்கே போனார்கள். ஆனால் பெரும்பான்மையோருக்கு அப்பனின் வேலையே பிள்ளையின் எதிர்பார்ப்பாக இருந்தது. ஓய்வு பெற்றவர் இடத்தில் புது ஆள் எடுப்பது மெல்ல நின்றது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. ஆகவே 2001 பிப்ரவரி 28இல் நிறுவனம் மூடப்பட்டபோது அங்கே எஞ்சியிருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேர், அரை நூற்றாண்டாக நடந்துவந்த வேலையிழப்பின் கடைசி வரிசையினரே. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் தந்த மண்ணில் அதற்குப் பிறகு நிரந்தரமாக எஞ்சிய பெருந்தொழில் அந்த இயந்திரத் தொழிற்சாலை ஒன்றே.

சுரங்கத்துக்காகப் போடப்பட்ட இருப்புப்பாதைதான் இன்று ஊரின் பிழைப்புவழி. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகின்றனர்: காவலாளி, கட்டட வேலையாள், துப்புரவாளர், தையல் தொழிலாளி, கடை ஊழியர், படித்தவரானால் கணினி நிறுவன அலுவலர். வாடகை குறைந்த லைன் வீடும் பெருநகரத்தின் கூலியும் சேர்ந்தால்தான் குடும்பம் நடக்கும் என்பதால் ஊரைவிட்டு முற்றிலும் பெயர்ந்தவர் பலரல்லர். அந்த வீடுகளின் உரிமைப்பத்திரம் கேட்டு முன்னாள் தொழிலாளர் நீண்டகாலமாகப் போராடி வருகின்றனர்.

பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட மணல், ‘சயனைடு மலை’ என்ற பெயரில் 13 குவியல்களாக ஊரின் நடுவே நிற்கிறது. கோடைக் காற்றில் அதன் தூசி வீடுகளுக்குள் வருகிறது. ஏறத்தாழ 3.3 கோடி டன் எடையுள்ள இம்மணலில் எஞ்சிய பொன்னை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மீண்டும் வேலை வருமென்ற நம்பிக்கை அதனால் ஊரில் எழுந்துள்ளது. எனினும் குவித்த மணலை மேலிருந்தே அள்ளி அரைக்கும் இப்பணிக்கு இயந்திரம் மிகுதியாகவும் ஆள் குறைவாகவும் வேண்டும். அதில் கிடைக்கும் சில நூறு வேலைகள் லைன்களில் வாழ்வோருக்கே தரப்படும் என்ற உறுதி ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். தூசியால் நோயுற்றோரின் மருத்துவச் செலவும் குடியிருப்பு உரிமையும் அதே பேச்சுவார்த்தையில் தீர்க்கப்பட வேண்டும்.