இருக்கையின் கீழ் உள்ள நிலம்

பூங்காவுக்குச் செல்வோர் மரத்தை நோக்குவர், மலரை நோக்குவர். தாம் அமரும் இருக்கையின் கீழே பரப்பப்பட்டிருப்பது யாதென நோக்குவோர் சிலரே. ஜூன் தொடங்கி நான்கு திங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் மும்பையிலோ, அது சிறிய செய்தியன்று.

1896-இல் அந்நகரில் பிளேக் நோய் பரவிற்று. காற்றும் ஒளியும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே அதற்குக் காரணமென எண்ணிய ஆட்சியினர், 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவினர். அகன்ற வீதிகளும் இடையிடையே திறந்த வெளிகளுமாகத் தாதர்-மாடுங்கா பகுதி உருவானது அந்த டிரஸ்டின் முயற்சியாலேயே. அதன் பொறியாளருள் ஒருவரான மஞ்சேர்ஜி ஜோஷியின் பெயரை அங்குள்ள ஐந்து பூங்காக்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. பின்னர் மாடுங்காவில் குடியேறிய நம்மவர் மாலை வேளையில் காலாற நடந்ததும், ஊர்க்கதை பேசி அமர்ந்ததும் இத்தகைய வெளிகளில்தாம்.

அமரும் இடத்தில் எதைப் பரப்புவது? முதலில் நினைவுக்கு வருவது புல். அறுகு நல்ல வெயிலை விரும்புவது. தூங்குமூஞ்சி மரத்தின் அடர்ந்த நிழலில் அது செழிக்காது. நாள்தோறும் பலர் கால்பட்டுத் தேயும் இடத்திலும் நிலைக்காது. ஆகவே முரம்பு மண்ணை நாடினர். பாறை சிதைந்து உண்டாகும் சரளை கலந்த இம்மண்ணை மராத்தியர் ‘முரூம்’ என்பர். முரம்பு என்னும் நம் பழஞ்சொல்லுக்கும் அதற்கும் உள்ள உறவை மொழிநூலார் ஆராயட்டும்! நீர் தெளித்துத் திமிசு போட்டால் இது நன்கு இறுகும். பெய்த மழையில் ஒரு பகுதியை உள்வாங்கவும் செய்யும்.

மண்ணுக்கும் ஒரு குறை உண்டு. அண்மையிலுள்ள சிவாஜி பார்க் 1925-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட மைதானம். அங்கே 2015-ஐ ஒட்டிப் பரப்பப்பட்ட செம்மண், கோடையில் தூசியாக எழுந்து சுற்றியுள்ள வீடுகளுக்குள் புகுந்தது. குடியிருப்போர் பல ஆண்டுகள் முறையிட்டனர். நீர் தெளித்தும் புல் வளர்த்தும் தூசியை அடக்க மாநகராட்சி முயன்றது. நுண்மண் மிகுந்தால் வேனிலில் தூசி, மாரியில் சேறு. இதனை முன்பே உணர்ந்து பருஞ்சரளையை மிகுதியாகச் சேர்ப்பதே அறிவுடைமை.

இத்தொல்லைக்கு அஞ்சியே பலர் இன்று சிமெண்டுக் கட்டிகளை நாடுகின்றனர். பெருக்குவது எளிது, முதியோர் கால் இடறாது, சக்கர நாற்காலியும் செல்லும். இந்நன்மைகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் கட்டிகளைக் காங்கிரீட் தளத்தின் மேல் பதித்தால் ஒரு துளி நீரும் கீழிறங்காது. மரத்தின் வேரும் மூச்சுத் திணறும். மணல் படுகையின் மேல், இடைவெளி விட்டுப் பதித்து, அடிமரத்தைச் சுற்றி வெறும் மண்ணை விட்டுவைப்பின் இத்தீங்கு பெரிதும் குறையும். நம்மைக் கேட்பின், நடைபாதைக்கு மட்டும் கல்லும், இருக்கையைச் சுற்றிச் சரளையும் போதும் என்போம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அத்துணை வெள்ளத்தை எந்தப் பூங்காவும் குடித்துவிட இயலாதுதான். எனினும், ஆண்டுதோறும் வரும் சாதாரண மழையையேனும் நிலம் ஏற்க வேண்டாமா?

தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா உள்ளது. ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை குவிந்த மேடு அது. மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டு, 1994-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே மரங்களின் அடியில் உதிர்ந்த சருகே நிலப்போர்வை. அது ஈரத்தைக் காக்கிறது. மழைத்துளி மண்ணை அரிக்காமல் தடுக்கிறது. மக்கி, அதுவே புதிய மண்ணாகிறது.