‘என்வெனமேஷன்’: ஒரு மருத்துவச் சொல்லின் வரலாறு

1. ஆய்வுப் பொருள்

பாம்பு கடித்தோ தேள் கொட்டியோ நஞ்சு மற்றோர் உடலுக்குள் செல்வதை ஆங்கில மருத்துவம் ‘என்வெனமேஷன்’ என்கிறது. தமிழில் நஞ்சேற்றம் எனலாம். கடி வேறு, நஞ்சேற்றம் வேறு என்னும் வேறுபாட்டை இச்சொல் எவ்வாறு பெற்றது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. இலத்தீன் வேர்

மூலச்சொல் ‘வெனேனும்’. விருப்பத்தைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரில் இது பிறந்தது என்றும், காதல் தெய்வமான வீனஸின் பெயரும் அவ்வேரினதே என்றும் மொழியியலாளர் பலர் கருதுவர். அதன்படி இதன் தொடக்கப் பொருள் வசிய மருந்து. பின்னாளில் மருந்து, சாயம், நஞ்சு ஆகிய மூன்றுக்கும் இச்சொல் வழங்கியது. இதனால் சட்டத்தில் குழப்பம் நேர்ந்தது. வெனேனும் என்று சொல்பவர் நல்லதா, தீயதா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டின் உரோமச் சட்ட அறிஞர் காயுஸ் எழுதினார். நோய் தீர்க்கும் மருந்தும் அப்பெயரில் அடங்கும் என்பது அவர் காட்டிய காரணம்.

3. பிரெஞ்சு வழி

பழைய பிரெஞ்சில் இது நஞ்சை மட்டும் குறிக்கும் ‘வெனிம்’ ஆனது. உள்ளே என்னும் பொருள் தரும் ‘என்’ முன்னொட்டு சேர, ‘என்வெனிமே’ என்ற வினை பிறந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆங்கிலத்தில் குடியேறிய பிரெஞ்சுச் சொற்களுள் இவையும் உண்டு. இன்றைய பிரெஞ்சுப் பெயர்ச்சொல் ‘வெனேன்’ எழுத்தளவில் னகரத்தில் முடிய, ஆங்கில ‘வெனம்’ பழைய மகரத்தைக் காத்து நிற்கிறது.

4. பொருளொத்த சொற்கள்

‘பாய்சன்’ குடிப்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ‘டாக்சின்’ வில்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பிறப்பால் ஒன்று கோப்பைக்குரியது, மற்றொன்று அம்புக்குரியது. விலங்கு தானே சுரந்து செலுத்தும் நஞ்சுக்கு ‘வெனம்’ நிலைத்தது.

5. மருத்துவப் பயன்

‘ஏஷன்’ என்னும் பின்னொட்டு வினையை நோய்நிலையின் பெயராக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் ஆங்கில விகுதியுடைய ‘என்வெனமிங்’ வடிவத்தை ஆள்கிறது. 2017இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் பாம்புக்கடியை இப்பெயரிலேயே சேர்த்தது.

நச்சுப்பாம்பு கடித்தும் நஞ்சு இறங்காத ‘உலர்கடி’ உண்டு. அதைப் பிரித்தறிய, கடிபட்டவரின் இரத்தத்தில் சிறிதளவை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு இரத்தத்தைத் தாக்கிவிட்டது என்று கொள்வர். நாக நஞ்சுக்கு இச்சோதனை பயன்படாது. இமை சரிதல், மூச்சுத் திணறல் போன்றவற்றையே கவனிக்க வேண்டும்.

6. முடிவு

எல்லாவற்றுக்கும் பொதுவாயிருந்த சொல், உடலுக்குள் செலுத்தப்பட்ட விலங்கு நஞ்சு என்ற ஒரே பொருளில் ஒடுங்கியது. மருத்துவத்துக்கு இந்த ஒடுக்கமே தேவை. பற்குறி இருப்பதனாலேயே நஞ்சுமுறி மருந்து ஏற்றப்படுவதில்லை. நஞ்சேற்றத்தின் அறிகுறி தெரிந்தால்தான் ஏற்றப்படுகிறது.