கோடு சொல்லாத விதி

ஒரு நிறுவனத்துக்கான மென்பொருளின் வகுப்பு வரைபடம். 'துறை' என்று ஒரு பெட்டி, 'ஊழியர்' என்று இன்னொரு பெட்டி, நடுவே இரண்டு கோடுகள். யார் யார் அங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதற்கு ஒன்று, யார் தலைவர் என்பதற்கு மற்றது. பார்வைக்குக் குறையே இல்லை. ஆனால் கணக்குத் துறைக்காரரை விற்பனைத் துறைக்குத் தலைவராக்கினாலும் படம் வாய் திறக்காது. ஒரு கோட்டுக்குத் தன் இரு முனைகள்தான் தெரியும். பக்கத்துக் கோட்டின் சேதி தெரியாது.

தலைவர் அந்தத் துறை ஊழியர்களுள் ஒருவராக இருக்க வேண்டும் என்ற விதி வெகுகாலம் படத்தின் ஓரத்தில் சாதாரணக் குறிப்பாகத்தான் கிடந்தது. அதைப் படிப்பவர் படிப்பார். நிரல் எழுதுபவர் மறந்துவிடுவார்.

இப்படிப்பட்ட விதிகளை ஐயமறச் சொல்லக் கணிதம் முன்பே வழி வைத்திருந்தது. 1970-களின் இறுதியில் ழான்-ரேமோன் அப்ரியால் தொடங்கிவைக்க, ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்த 'இஸட்' குறியீடு கணக் கோட்பாட்டில் நின்றது. துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. அந்தக் குறிகளைக் கண்டதும் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள், அவ்வளவுதான். ஸ்டீவ் குக்கும் ஜான் டேனியல்ஸும் 1994-இல் வெளியிட்ட 'சின்ட்ரோபி' முறை அந்தத் துல்லியத்தைப் பொருள்நோக்கு வரைபடங்களுக்குக் கொண்டுவந்தது. அதை வேராகக் கொண்டு, ஐபிஎம்மின் காப்பீட்டுப் பிரிவில் யோஸ் வார்மர் முதலானோர் கணிதக் குறிகளைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையில் தட்டக்கூடிய சொற்களால் ஒரு மொழி செய்தார்கள். காப்பீட்டில் பிறந்தது பொருத்தம்தான். பாலிசிக்கும் பயனாளிக்கும் நடுவே நிபந்தனைகளுக்கா பஞ்சம்!

இத்தகைய மென்பொருள் வரைபடங்களுக்கான பொதுக் குறியீடு யூஎம்எல். 1997-இல் அதன் 1.1 பதிப்புடன் இந்த மொழி 'ஓசிஎல்' (பொருள் கட்டுப்பாட்டு மொழி) என்ற பெயரில் சேர்ந்தது. ஓசிஎல்லுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, யூஎம்எல்லின் சொந்த இலக்கண விதிகளையே எழுதித் தருவது. 2006-இல் ஓசிஎல் 2.0 பதிப்பு வந்தது. 2012-இல் ஐஎஸ்ஓ தரமும் ஆனது.

எனக்கு அதில் பிடித்த குணம், எதையும் தொடாமல் இருப்பது. ஓசிஎல் கோவை ஒரு மதிப்பையும் மாற்றாது. விதி நிற்கிறதா, உடைந்ததா என்று மட்டும் சொல்லும். சரிசெய்வது நிரலின் பாடு. சிக்கலும் அங்கேதான். தலைவர் வேறு துறைக்கு மாற்றலாகும்போது பழைய துறையின் ஊழியர் பட்டியலிலிருந்து அவரை முதலில் எடுத்தால், புதுத் தலைவரைப் போடும்வரை விதி உடைந்தே இருக்கும். அந்த இடைவெளியில் சோதித்தால் நியாயமான மாற்றலும் பிழையாகத் தெரியும். ஆகவே இரண்டு மாற்றங்களையும் ஒரே செயலுக்குள் பூட்டி, அது முடிந்த பிறகே சோதிக்கிறார்கள்.