டைம்ஸ்-பிக்கயூன்: ஓர் ஊர்ப் பத்திரிகையின் வரலாறு

டைம்ஸ்-பிக்கயூன் என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரின் நாளிதழ். 1837 ஜனவரி 25 அன்று ‘பிக்கயூன்’ என்ற பெயரில் தொடங்கியது. 2012இல் வாரத்துக்கு 3 நாள் மட்டும் வரும் ஏடாகக் குறைக்கப்பட்டது. 2019இல் போட்டி நாளிதழின் உரிமையாளருக்கு விற்கப்பட்டு அதனுடன் இணைக்கப்பட்டது. அமெரிக்காவில் நலிந்த உள்ளூர் நாளிதழ்கள் ஏராளம். அவற்றுள் இதைத் தனியாகப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம், ஊர் கைவிடும் முன்பே உரிமையாளர் கைவிட்ட பத்திரிகை இது என்பதுதான்.

தொடக்கம்

பிரான்சிஸ் லம்ஸ்டென், ஜார்ஜ் வில்கின்ஸ் கெண்டால் என்ற இருவர் இதைத் தொடங்கினர். அன்று அவ்வூரில் புழங்கிய, ஆறேகால் சென்ட் மதிப்புள்ள ஸ்பானிய நாணயம்தான் ஒரு பிரதியின் விலை. பெயரும் அதிலிருந்தே வந்தது. 1846இல் மெக்சிகோவுடன் போர் மூண்டபோது கெண்டால் படையோடு போய்ச் செய்தி அனுப்பினார். குதிரை வீரர்களைத் தொடராக நிறுத்தி, அவர்கள் கைமாற்றிக் கொண்டுவந்த செய்திகள் பல சமயம் அரசின் தபாலை முந்தின.

1876இல் உரிமையாளர் ஆல்வா ஹோல்புரூக் இறந்தார். கடனில் மூழ்கியிருந்த பத்திரிகை அவர் மனைவி எலைசா ஜேன் கைக்கு வந்தது. ‘பேர்ல் ரிவர்ஸ்’ என்ற புனைபெயரில் கவிதை எழுதிவந்தவர் அவர். அமெரிக்கப் பெருநகர நாளிதழ் ஒன்றை நடத்திய முதல் பெண்மணிகளுள் ஒருவராக அவரே பத்திரிகையை ஏற்றுக் கடனிலிருந்து மீட்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பகுதிகள், ஊர் விருந்துகளைப் பற்றிய பத்தி, வானிலை சொல்லும் தவளைப் படம் எனக் குடும்பம் முழுவதும் படிக்கும் ஏடாக மாற்றியது அவர் காலம்தான். 1896இல் அவருடைய இரண்டாம் கணவரும் அவரும் அடுத்தடுத்து இறந்தனர்.

1914இல் டைம்ஸ்-டெமாக்ரட் என்ற ஏட்டுடன் இணைந்து டைம்ஸ்-பிக்கயூன் என்ற பெயரைப் பெற்றது. 1962இல் நியூஹவுஸ் குடும்பம் இதையும், மாலை ஏடான ஸ்டேட்ஸ்-ஐட்டத்தையும் சேர்த்து 4.2 கோடி டாலருக்கு வாங்கியது. 1980இல் மாலை ஏடும் இதனுள் கலந்தது. அதன்பின் நகரத்துக்கு இது ஒன்றே நாளிதழ்.

யாருடைய பத்திரிகை?

இந்த ஏட்டின் மீது ஊருக்கு இருந்த பற்றைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பற்று ஊரார் எல்லோருக்கும் ஒரே அளவில் இருந்ததில்லை. நெடுங்காலம் இது வெள்ளையரின் கண்ணால் ஊரைப் பார்த்த பத்திரிகை. கறுப்பின மக்கள் தங்கள் திருமணத்தையும் சாதனையையும் படிக்க 1925இல் தொடங்கிய லூசியானா வீக்லி போன்ற ஏடுகளைத்தான் நாட வேண்டியிருந்தது. 1993இல் ஆசிரியர் ஜிம் அமோஸ் காலத்தில், இனம் பற்றிய நீண்ட தொடர் ஒன்று வந்தது. நகரத்தின் இனவெறியை ஆராய்ந்த அதே தொடரில், தன் பழைய பக்கங்களைப் புரட்டித் தன் குற்றத்தையும் பத்திரிகை எழுதியது. கோபமான தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. ஆயினும் கறுப்பின வாசகர்களோடு நேர்மையான உறவு உண்டாக அந்தத் தொடர் ஒரு வழி திறந்தது என்றே சொல்ல வேண்டும்.

கத்ரீனா

2002 ஜூனில் ஜான் மெக்குவேட், மார்க் ஷ்லைஃப்ஸ்டைன் இருவரும் 5 பகுதிகளாக ஒரு தொடர் எழுதினர். பெரும்புயல் ஒன்று நேரே தாக்கினால் கரையணைகளை மீறி நீர் புகும், கார் இல்லாத ஏழைகள் வெளியேற முடியாமல் சிக்குவார்கள் என்று அது எச்சரித்தது. 3 ஆண்டுகள் கழித்து, 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்தது.

அன்று பிற்பகல் இரு பத்திரிகையாளர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினர். 17ஆம் தெருக் கால்வாயின் கரை உடைந்து லேக்வியூ பகுதி மூழ்கிக்கொண்டிருப்பதைக் கண்டு திரும்பினர். ‘நகரம் தப்பித்துவிட்டது’ என்று நாடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மறுநாள் காலை அலுவலகத்தையே வெள்ளம் சூழ, பத்திரிகைக் கட்டுகளை ஏற்றும் லாரிகளில் ஊழியர்கள் வெளியேறினர். அவர்களில் ஒரு சிறு குழு ஒரு லாரியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் நகரத்துக்குள் போயிற்று. ஏடு 3 நாள் அச்சேறவில்லை, இணையத்தில் மட்டும் வந்தது. செப்டம்பர் 2 அன்று ஹூமா என்ற சிறு நகரின் அச்சகத்தில் மறுபடியும் அச்சாகி, நிவாரண முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எழுதியவர்களில் பலருக்கும் அப்போது வீடு இல்லை.

செப்டம்பர் 4 அன்று அதிபர் புஷ்ஷுக்குப் பகிரங்கக் கடிதமாக ஒரு தலையங்கம் வந்தது. மத்திய பேரிடர் நிர்வாக முகமையின் அதிகாரிகள் அனைவரையும், முதலில் அதன் தலைவர் மைக்கேல் பிரவுனையும் வேலையிலிருந்து நீக்கச் சொன்னது. 8 நாளில் பிரவுன் பதவி விலகினார்.

இந்த ஏட்டின் மீதான நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோர் அதிகம் குறிப்பிடாத ஒன்றும் அந்த மாதத்தில் நடந்தது. மாநாட்டு மையத்திலும் சூப்பர்டோம் விளையாட்டரங்கிலும் கொலைகள் மலிந்ததாக, உடல்கள் குவிந்து கிடப்பதாக உலகமே எழுதிற்று. இந்த ஏடும் எழுதிற்று. செப்டம்பர் 26 அன்று இதன் செய்தியாளர்களே அந்தக் கதைகளைத் துருவி, பெரும்பாலானவை வதந்தி என்று முதலில் நிறுவினர். மாநாட்டு மையத்தில் கிடைத்தவை 4 உடல்கள்தாம். தன் செய்தியைத் தானே பொய்யென்று விரிவாக எழுதத் துணிந்த செயல் அது; வதந்தியால் மிகவும் இழிவுபடுத்தப்பட்டவர்கள் ஏழைக் கறுப்பின மக்கள் என்பதால் அதன் கனம் இன்னும் கூடுகிறது. 2006இல் இரண்டு புலிட்சர் பரிசுகள் கிடைத்தன.

2012

புயலுக்கு முன் சுமார் 2.6 லட்சமாக இருந்த விற்பனை, ஊர் கலைந்ததில் பாதியாயிற்று. வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. வருவாய் சரிந்தது உண்மை. ஆனாலும் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நாட்டிலேயே மிக அதிகமாக வாங்கப்பட்ட நாளிதழ்களுள் ஒன்றாகவே இது இருந்தது.

2012 மே மாதம், உலகிலேயே தன் மக்களை அதிக விகிதத்தில் சிறையில் அடைப்பது லூசியானாதான் என்று காட்டும் 8 பகுதித் தொடர் வெளிவந்தது. தனியார் சிறைகளும் மாவட்டக் காவல் தலைவர்களும் கைதிகளின் எண்ணிக்கையால் எப்படிப் பணம் பார்க்கிறார்கள் என்பதை அது அக்கு வேறு ஆணி வேறாக எடுத்துவைத்தது. கடைசிப் பகுதி மே 20 அன்று வந்தது. மே 23 இரவு, ஏடு இனித் தினமும் வராது என்ற செய்தியை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஊழியர்களில் பெரும்பாலோர் தங்கள் எதிர்காலத்தை வேறொரு பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மறுநாள் நிர்வாகம் அதை உறுதிசெய்தது: அக்டோபர் முதல் புதன், வெள்ளி, ஞாயிறு மட்டும் அச்சு, மற்றதெல்லாம் இணையத்தில். நியூஹவுஸ் குடும்பத்துக்குச் சொந்தமான அலபாமா ஏடுகள் மூன்றுக்கும் அதே நாளில் அதே முடிவு. ஜூனில் சுமார் 200 பேருக்கு வேலைநீக்க அறிவிப்பு வந்தது.

ஊர் திரண்டது. பேராயர் கிரெகரி அய்மண்ட், இசைக்கலைஞர் விண்டன் மர்சாலிஸ், முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆர்ச்சி மேனிங் உள்ளிட்டோர் கொண்ட குழு, நடத்த மனமில்லையென்றால் விற்றுவிடுங்கள் என்று உரிமையாளருக்குக் கடிதம் எழுதியது. விற்க மறுத்துவிட்டார்கள். நகரத்து வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் அப்போது இணைய வசதி கிடையாது. அந்த வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், ஏழைகள், கறுப்பினத்தவர். 1993இலும் 2005இலும் எந்த வாசகர்களின் நம்பிக்கையைத் தேடிச் சென்றதோ, அவர்களைத்தான் ஏடு முதலில் இழந்தது. இணையத்துக்கு மாறியதைத் தவறென்று யாரும் சொல்ல முடியாது. மாறாதவர்களை வாசலிலேயே விட்டுப் போனதைத்தான் மன்னிப்பது கடினம். அந்த ஊரில் கண்ணீர் அஞ்சலி அறிவிப்பைக் காலையில் பார்த்துத்தான் இறுதி ஊர்வலத்துக்குப் போவார்கள். வாரத்தில் 4 நாள் அந்தப் பக்கம் அச்சில் வராமற் போனது என்ன இழப்பு என்பது தொலைவிலிருந்து கணக்குப் பார்த்தவர்களுக்குப் புலப்படவில்லை.

அந்த வெற்றிடத்தில் பேட்டன் ரூஜ் நகரின் ‘அட்வகேட்’ நுழைந்தது. 2012 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் பதிப்பைத் தொடங்கியது. 2013இல் தொழிலதிபர் ஜான் ஜார்ஜஸ் அதை வாங்கி, டைம்ஸ்-பிக்கயூனில் முன்பு உயர் ஆசிரியர் பொறுப்பிலிருந்த பீட்டர் கோவாக்ஸையும் டான் ஷேயையும் தலைமைக்குக் கொண்டுவந்தார். செய்தியாளர்கள் பலர் பின்தொடர்ந்தனர். பதறிய நிர்வாகம் விட்டுப்போன நாட்களுக்கென்று கடையில் மட்டும் கிடைக்கும் சிற்றேடு ஒன்றைக் கொண்டுவந்தது. அச்சைக் குறைக்க நிர்வாகம் முன்பு சொன்ன காரணங்களுக்கு அதுவே மறுப்பாக அமைந்தது. 2016இல் ஹோவர்ட் அவென்யூவிலிருந்த டைம்ஸ்-பிக்கயூன் அச்சகமும் மூடப்பட்டு, அச்சு வேலை அலபாமாவின் மொபைல் நகருக்குப் போயிற்று.

இணைப்பு

நடுவர் குழுவில் 12 பேரும் ஒத்துப்போகாமலே ஒருவரைக் குற்றவாளியாக்கலாம் என்ற பழைய லூசியானா சட்டம் கறுப்பினத்தவரையே அதிகம் பாதித்தது என்பதை அட்வகேட் தரவுகளோடு காட்டியது. 2018 நவம்பரில் மக்கள் வாக்களித்து அச்சட்டத்தை நீக்கினர். அந்தப் பணிக்கு 2019 ஏப்ரலில் புலிட்சர் கிடைத்தது. அடுத்த மாதமே, 2012இல் விற்க மறுத்தவர்கள் டைம்ஸ்-பிக்கயூனை ஜார்ஜஸுக்கு விற்றனர். 161 ஊழியர்களுக்கும் வேலைநீக்கக் கடிதம் போயிற்று. சிலரைப் புதிய உரிமையாளர் சேர்த்துக்கொண்டார், கத்ரீனா எச்சரிக்கைத் தொடரை எழுதிய ஷ்லைஃப்ஸ்டைன் அவர்களுள் ஒருவர்.

2019 ஜூலை முதல் இரு பெயரையும் தாங்கிய ஒரே ஏடு, வாரம் 7 நாளும் அச்சில் வரத் தொடங்கியது. 7 ஆண்டுகள் இரண்டு நாளிதழ் அலுவலகங்கள் போட்டியிட்டுச் செய்தி சேர்த்த நகரத்துக்கு, மறுபடியும் நாளிதழ் ஒன்றுதான்.