கரிசல் நில அஸ்திவாரம்

கோவில்பட்டி, அருப்புக்கோட்டை வட்டாரங்களின் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நீரை ஈர்த்து விரிவதே காரணம். இந்த அசைவில் பெரிய கட்டடங்களைவிட ஒற்றை மாடி வீடுகளே அதிகம் சேதமடைகின்றன. மண்ணின் மேல்நோக்கிய அழுத்தத்தை அடக்கும் எடை அவற்றுக்கு இல்லை. சுவர் ஓரத்து மண் காய்ந்து சுருங்க, வீட்டு நடுவில் ஈரம் தங்கிவிடும். சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இதன் அடையாளம்.

எனவே மண்ணின் தாங்குதிறனை மட்டும் பார்த்து வானம் தோண்டுவது போதாது. அடித்தளங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904 கூறும் 50 செ.மீ. குறைந்தபட்ச ஆழம் இங்கே உதவாது. பருவந்தோறும் ஈரம் மாறும் அடுக்கைத் தாண்டியே அடித்தளம் அமைய வேண்டும். கரிசல் மெல்லியதாக இருந்தால் அதை அகற்றிச் சரளை வரை இறங்கலாம். ஆழமாக இருந்தால், உப்பாத மண்ணைச் சுமார் ஒரு மீட்டர் இட்டு இறுக்குவது ஒரு வழி. இதை ஆய்ந்து நிறுவியவர் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே. கட்டி. மற்றொன்று, ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழ்போல் அகன்ற அண்டர் ரீம்டு பைல்.

ஒரே மனையில் பாதி சரளை, பாதி கரிசல் என்பது மிகவும் ஆபத்தான நிலை. அதனால் மனையின் ஒரு மூலையில் மட்டும் குழி தோண்டிப் பார்ப்பதை ஏற்கவே கூடாது. சுற்றிலும் நீர் புகாத தளவரிசையும், சுவரிலிருந்து தள்ளி நட்ட மரங்களும் அடித்தளத்தைக் காப்பவை.